மின்சாரம் மிச்சப்படுத்த வீடு தேடி வரும் தொண்டு நிறுவனங்களால் நம் கடற்கரைப் பக்கம் பயன் உண்டா?

கேள்வி கேட்டவர் கீழக்கரைக்காரர். ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து வந்து, வீட்டிலும் அவருடைய மீன் கடையிலும் கரண்ட் செலவைக் கணக்கெடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். உள்ளே விடலாமா, இதனால் ஏதாவது பயன் உண்டா என்பது அவர் கேள்வி. விடுங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் அவர்கள் கையில் என்ன கொண்டு வருகிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு சாதனமும் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது என்று அளக்கிற மீட்டர் இருந்தால் உட்கார வைத்துப் பேசலாம். பல்பும் நோட்டீசும் மட்டும் என்றால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

நான் தங்கச்சிமடத்தில் பிறந்து வளர்ந்தவள். ராமநாதபுரத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தின் மின்சிக்கனத் திட்டத்தில் களப்பணியாளராக வேலை பார்த்தேன். பாம்பன், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி என்று கடலோரமாகவே சுற்றிய வேலை.

பல்பு மாற்றுவது நம் நாட்டில் ஏறக்குறைய முடிந்துபோன வேலை. 2015 ஜனவரியில் தொடங்கிய உஜாலா திட்டத்தில் அரசுத் துறையின் ஈஈஎஸ்எல் நிறுவனம் எல்இடி பல்புகளை மொத்தமாகக் கொள்முதல் செய்தது. 2014-இல் 310 ரூபாய் இருந்த கொள்முதல் விலை 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் அந்தத் திட்டத்தில் விநியோகமாயின. இன்றைக்குக் குண்டு பல்பு எரியும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இப்போது கரண்ட் போவது ஃபேன், ஃபிரிட்ஜ், தண்ணி மோட்டார், ஏசி ஆகியவற்றில். அங்கே கை வைக்காமல் இன்னும் பல்பையே கொடுத்துக்கொண்டிருக்கும் திட்டங்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பணத்தில் எவ்வளவோ செய்யலாம்.

அதைவிடப் பெரிய குறை, எந்த வீட்டுக்குப் போவது என்பதில் இருக்கிறது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். கடற்கரைக் குடியிருப்பில் ஒரு ஃபேன், இரண்டு விளக்கு, ஒரு டிவி வைத்திருக்கும் வீட்டில் பெரும்பாலும் அந்த நூறுக்குள்ளேயே முடிந்துவிடும். பில்லே வராத அந்த அக்காவிடம் போய் "பில்லைக் குறைத்துத் தருகிறோம்" என்றால் அவர் என்ன செய்வார்? ஏழை வீட்டுக்குத்தான் முதலில் உதவ வேண்டும் என்ற எண்ணம் சரியானது. ஆனால் அந்த வீட்டுக்கு வேண்டிய உதவி வேறு. கான்கிரீட் கூரை மதியம் முழுக்க வெயிலை வாங்கி ராத்திரி முழுக்கக் கக்குகிறது. குழந்தைகள் தூங்க முடியாமல் புரள்கிறார்கள். மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தால் வீட்டுக்குள் சூடு தணியும். உப்பேறிப் பச்சை பிடித்த சுவிட்ச் போர்டை மாற்றிக் கொடுத்தால் ஷாக் அடிக்காது. இதை மின்சிக்கனக் கணக்கில் காட்ட முடியாது. அதனால்தான் நிதி கொடுக்கிறவர்கள் இதற்குப் பணம் ஒதுக்கத் தயங்குகிறார்கள். எனக்கு இதைவிட அவசியமான வேலை எதுவும் தோன்றவில்லை.

கரண்ட் செலவு நிஜமாகவே குறைய வேண்டியது அடுத்த படியில் உள்ள வீடுகளில். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைச் சுற்றி வரும் வீடுகளை முதலில் பார்க்க வேண்டும். 500-ஐத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. 101 முதல் 200 வரை கிடைத்துவந்த குறைந்த விலையும் போய்விடும். 520 வரும் வீட்டை 490-க்குக் கொண்டு வந்தால் பில்லில் தெரியும் வித்தியாசம் அந்த முப்பது யூனிட்டின் விலையைவிடப் பெரிது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் வெளிநாட்டில் இருப்பவர்கள் விடுமுறைக்கு வரும் மாதங்களில் இது அப்படியே நடக்கும். மாடி அறையில் பூட்டிக் கிடந்த ஏசி ஓடத் தொடங்கும், பில் எகிறும். "காக்கா வந்தா பில்லும் வந்துடும்" என்று ஒரு லாத்தா சொன்னார். அந்தப் பக்கம் காக்கா என்றால் அண்ணன், லாத்தா என்றால் அக்கா. அவர் வீட்டு ஏசியை 18-இல் வைத்துக் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்கினார்கள். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் வாரியமான பிஇஇ சொல்லும் கணக்கு. 2020 முதல் விற்கும் அறை ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. 26-இல் வைத்து ஃபேனையும் ஓட விட்டார்கள், யாரும் குறை சொல்லவில்லை.

ஃபேன் கணக்கைத் தனியாகச் சொல்கிறேன். பழைய ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். நம் ஊர் வெக்கையில் நாளுக்கு 16 மணி நேரம் ஓடுவது சாதாரணம். இரண்டு மாதத்தில் 72 யூனிட். பிஎல்டிசி என்னும் புதுவகை மோட்டார் உள்ள ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தரும், 29 யூனிட்தான் ஆகும். ஒரு ஃபேனுக்கே நாற்பது யூனிட்டுக்கு மேல் மிச்சம். ஊர்க் கடைசியில் இருக்கும் தெருக்களில் சாயங்காலம் வோல்டேஜ் குறையும்போது பழைய ஃபேன் தேய்ந்து சுற்றும். பிஎல்டிசி பெரும்பாலும் வேகம் குறையாமல் ஓடும். ஆனால் இதற்குள் ஒரு மின்னணு பலகை இருக்கிறது. உப்புக் காற்றில் அது கெட்டுப்போனால் பழைய ஃபேனைப் போல கண்டன்சர் மாற்றி ஓட்ட முடியாது. ஆகவே வாரண்டியில் பலகையை மாற்றித் தரும் ஆள் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ இருக்கிறாரா என்று விசாரித்த பிறகு வாங்குங்கள். சென்னையிலிருந்து வரும் அறிவுரைக் கையேடுகள் இதைச் சொல்வதில்லை. கடலிலிருந்து அரை கிலோமீட்டருக்குள் வாழ்கிறவர்களுக்கு இதுதான் முதல் கேள்வி.

உப்புக் காற்றின் வேலையை இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏசியின் வெளி யூனிட்டில் இருக்கும் அலுமினியத் தகடுகள் இங்கே பொடிப்பொடியாக உதிரும். உதிர உதிரச் சூட்டை வெளியே தள்ள முடியாமல் கம்ப்ரசர் கூடுதல் நேரம் ஓடும். ஃபிரிட்ஜின் பின்பக்கக் குழாயில் துருவும் தூசியும் சேர்ந்து படிந்தாலும் இதே கதை. அவ்வப்போது வெளி யூனிட்டை நல்ல தண்ணீரில் கழுவிவிட்டாலே ஆயுள் கூடும். அதற்கு முன்னால் மெயினை அணைக்க மறக்க வேண்டாம். மீட்டர் பெட்டி, ஜாயிண்ட், ஒயரிங் குழாய் எல்லாவற்றிலும் ஈரமும் உப்பும் சேர்ந்து கரண்ட் கசியும். இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர் உட்பட வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு டிஜிட்டல் மீட்டரைப் பாருங்கள். யூனிட் ஓடுவதைக் காட்டும் சிவப்பு விளக்கு அப்போதும் விட்டு விட்டு மின்னினால் எங்கோ கரண்ட் போகிறது என்று அர்த்தம். உடனே எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள். பில் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்தக் கசிவு ஆளையே கொல்லும்.

சரி, கடைக்கு வருகிறேன். கடை இணைப்புக்கு 100 யூனிட் இலவசம் கிடையாது, யூனிட் விலையும் அதிகம். அதனால் கடையில் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் கையில் நிற்கும் காசு. மீன் கடைகளில் நான் பார்த்த பெரும் செலவு செகண்ட் ஹேண்டில் வாங்கிய டீப் ஃப்ரீசர். கதவு ரப்பர் தளர்ந்திருக்கும், உள்சுவரில் விரல் தடிமனுக்கு ஐஸ் கட்டியிருக்கும், கம்ப்ரசர் நிற்காமல் ஓடும். கதவிடுக்கில் ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பரை மாற்ற வேண்டும். பாம்பனில் மீன் விற்கும் ஒரு அக்காவின் ஃப்ரீசரில் நாங்கள் மீட்டரை மாட்டி வைத்து, எவ்வளவு ஓடியது என்று அவர் எதிரிலேயே படித்துக் காட்டினோம். "இது மீன் வித்த காசுல பாதிய தின்னுதேம்மா" என்றார். அன்றைக்கே விற்கும் மீனைத் தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்துக்கொண்டு, மிச்சம் விழும் நாளில் மட்டும் ஃப்ரீசரை ஓட்டுவது என்று அவரே முடிவெடுத்தார். நாங்கள் வாய் திறக்கவே தேவைப்படவில்லை. வீட்டில் வந்து அளந்து காட்டுவதன் பலம் இதுதான். பத்துக் கூட்டம் போட்டுப் பேசினாலும் இது நடக்காது.

ஐஸ் கம்பெனிகளில் மிச்சப்படுத்த இன்னும் நிறைய இருக்கிறது. ஐஸ் உறைய வைக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியின் மேல் போட்டிருக்கும் பலகை மூடிகள் உடைந்து இடைவெளி விட்டிருக்கும். அந்த வழியாக வெளிச்சூடு இறங்கும், ஐஸ் பார் கட்டக் கூடுதல் நேரம் ஆகும். சூட்டை வெளியே தள்ளும் கண்டன்சர் குழாயில் கடின நீரின் படிவு ஏறியிருக்கும். இழுக்கும் கரண்டில் எவ்வளவு உண்மையில் வேலைக்கு ஆகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டர் குறைந்து அபராதம் கட்டிக்கொண்டிருப்பார்கள், கெபாசிட்டர் மாற்றினால் சரியாகிவிடும். கொச்சியில் கடல் உணவு ஆலைகளை பிஇஇ தன் சிறு தொழில் திட்டத்தில் எடுத்து ஆராய்ந்திருக்கிறது. நம் பக்கத்து ஐஸ் கம்பெனிகளுக்கும் அப்படி ஒன்று தேவை. செய்வதற்கு ஏற்ற காலமும் இயல்பாகவே அமைந்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலம். அப்போது ஐஸ் தேவை குறையும், இயந்திரத்தை நிறுத்திப் பழுது பார்க்கலாம். ஆனால் தொண்டு நிறுவனங்களின் திட்ட ஆண்டு மார்ச்சில் முடிகிறது. கணக்கை முடித்து அறிக்கை எழுதும் மும்முரத்தில் ஏப்ரல், மே கழிந்துவிடும். இதை யாராவது மாற்றி அமைத்தால் எவ்வளவோ நல்லது.

ராமேஸ்வரம் லாட்ஜ்களின் பிரச்சினை வேறு மாதிரி. ஏசி போடுவது யாத்திரிகர், பில் கட்டுவது முதலாளி. அறைச் சாவியோடு மெயின் அணையும் சுவிட்சும், கீசருக்குப் பதில் மாடியில் சூரிய வெந்நீர்க் கலனும் வைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

வெளிநாட்டில் இது எப்படி நிலைத்து நடக்கிறது என்பதையும் சொன்னால்தான் நம் குறை புரியும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 2000 முதல் எஃபிஷியன்சி வெர்மான்ட் என்ற அமைப்பு இயங்குகிறது. விஇஐசி என்ற லாப நோக்கமில்லாத நிறுவனம் அதை நடத்துகிறது. ஓரிகன் மாநிலத்தில் எனர்ஜி டிரஸ்ட் ஆஃப் ஓரிகன் 2002-இல் வேலையைத் தொடங்கியது. இரண்டுக்குமே மின் பில்லோடு வசூலாகும் ஒரு சிறு கட்டணத்திலிருந்து பணம் வருகிறது. அதனால் அடுத்த ஆண்டும் ஆள் வருவார், அதற்கடுத்த ஆண்டும் வருவார். அவர்கள் வீடுகளில் செய்யும் வேலையில் ஒரு பகுதி, குளிர்காலத்தில் சூடு வெளியே போகாமல் அடைப்பது. நமக்கு அது வேண்டாம். எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த நிலையான பண ஏற்பாட்டைத்தான். இங்கே பெரும்பாலும் கம்பெனிகள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியை நம்பி ஓடுகிறோம். ஓராண்டு, இரண்டாண்டு ஓடும், பிறகு நின்றுவிடும். ஃபேன் பலகை கெட்டுப்போகும் நேரத்தில், அதை வாங்கச் சொன்னவர் ஊரிலேயே இருக்க மாட்டார். மகளிர் குழுப் பெண்களுக்கே மீட்டரைக் கொடுத்து அளக்கப் பழக்கினால் இந்தப் பிரச்சினை பாதி குறையும் என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் எங்கேயும் போய்விட மாட்டார்கள். சமையலறை வரைக்கும் உரிமையோடு நுழையவும் அவர்களால்தான் முடியும்.

உங்களிடம் வந்தவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்ள, ஏதாவது விற்கிறார்களா என்று கேளுங்கள். தொண்டு நிறுவனம் என்று சொல்லிக்கொண்டு சோலார் விற்க வருபவர்களும் உண்டு. சோலார் கெட்டதில்லை. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஆனால் முதலில் செலவைக் குறைத்துவிட்டு, பிறகு மிச்சத் தேவைக்கு ஏற்ற அளவில் போடுவதே முறை. போட்டால் போல்ட் எல்லாம் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். ஆதார், ஓடிபி என்று யாராவது கேட்டால் அப்படியே அனுப்பிவிடுங்கள், கணக்கெடுக்க அதெல்லாம் தேவையில்லை. வோல்டேஜ், பில் தொடர்பான புகார் என்றால் மின் நுகர்வோர் குறைதீர் மன்றம் இருக்கிறது. அங்கே மனு எழுதுவதற்கான விவரம் கேட்க, சென்னையில் 1985 முதல் நுகர்வோருக்காக வேலை செய்யும் சிஏஜி அமைப்பை அணுகலாம்.

அவர்கள் வரும் நாளில் கடந்த ஓராண்டு பில் விவரத்தை எடுத்து வைத்திருங்கள். கடையில் ஃப்ரீசரை அவர்களுக்காகச் சுத்தம் செய்து வைக்க வேண்டாம், வழக்கமாக எப்படி ஓடுகிறதோ அப்படியே ஓடட்டும். மீட்டரை ஒரு மணி நேரத்தில் கழற்றிக்கொண்டு போக விடாதீர்கள். மீன் வரத்து நிறைய இருக்கும் ஒரு நாளும், வரத்தில்லாத ஒரு நாளும் முழுதாக மாட்டி வைக்கச் சொல்லுங்கள். இரண்டு எண்களையும் நீங்களே ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள்.