கட்டம் போட்ட திமிங்கலமும் மீசை மழித்த மோனாலிசாவும்

கேள்வி: அமெரிக்காவில் ஷான் லாண்டர்ஸ் என்று ஒருவர் மான் முதல் திமிங்கலம் வரை எல்லாவற்றுக்கும் உடம்பு முழுக்கக் கட்டம் போட்டு வரைகிறார். கேட்டால் பெல்ஜிய ஓவியர் ரெனே மாக்ரிட்டுக்கு மரியாதை என்கிறார்கள். அடுத்தவர் சரக்கை எடுத்துக்கொண்டு அஞ்சலி என்று பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா? சிரிப்புக் காட்டுவதெல்லாம் ஓவியமா? என் பேத்தி இதைவிட நன்றாக வரைவாள்.
– வாசகர், திருச்சி

பதில்: பேத்தியை இதில் இழுக்காதீர்கள், பாவம். நவீன ஓவியத்தைத் திட்டி வரும் கடிதங்களில் எப்படியும் ஒரு பேரனோ பேத்தியோ வந்துவிடுகிறார்கள். அவர்கள் வரைந்ததில் ஒன்றைக்கூட இதுவரை யாரும் இணைத்து அனுப்பியதில்லை.

சரி, விஷயத்துக்கு வருவோம். லாண்டர்ஸ் மாக்ரிட்டிடமிருந்து எடுத்தார் என்பது உண்மைதான். எதை எடுத்தார் என்று பார்த்தீர்களா? மாக்ரிட் என்றதும் நமக்கு நினைவு வருவது வட்டத் தொப்பிக்காரர், அவர் முகத்தை மறைக்கிற பச்சை ஆப்பிள், அப்புறம் ‘இது புகைக்குழாய் அல்ல’ என்று கீழே எழுதி வைத்த புகைக்குழாய். காப்பிக் கோப்பையிலும் குடையிலும் அச்சாகி விற்பதெல்லாம் இவைதாம். இதில் ஒன்றை எடுத்து, ஆப்பிள் இருந்த இடத்தில் செல்போனை வைத்துவிட்டு அஞ்சலி என்று போட்டுக்கொள்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் ரெண்டு வார்த்தை கூடவே திட்டியிருப்பேன். லாண்டர்ஸ் போய்க் கைவைத்தது மாக்ரிட் செமத்தியாக அடி வாங்கிய இடத்தில்.

அது 1948. மாக்ரிட்டுக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பெல்ஜியத்தில் பெயர் உண்டு, ஆனால் பாரிஸில் அதுவரை ஒரு தனிக் கண்காட்சிகூட நடந்ததில்லை. இருபதுகளின் கடைசியில் பாரிஸுக்குப் பக்கத்திலேயே மூன்று வருஷம் குடியிருந்து, ஆந்த்ரே பிரெத்தோனின் சர்ரியலிஸ்ட் கூட்டத்தோடு பழகிவிட்டு ஊர் திரும்பியவர் அவர். அப்படிப்பட்டவருக்கு ஒருவழியாக ஒரு பாரிஸ் காலரி கதவைத் திறக்கிறது. நீங்களோ நானோ என்றால் இருப்பதிலேயே நல்லதாகப் பொறுக்கி, சட்டம் மாட்டி, கைகட்டி நின்றிருப்போம். அவரோ சில வாரங்களுக்குள் இரண்டு டஜனுக்கு மேல் புதிதாக வரைந்து தள்ளினார், அத்தனையும் கண்றாவி. வேண்டுமென்றே கண்றாவி. ஒரு படத்தில் தாடிக்காரர் ஒருவர்: வாயில் புகைக்குழாய் இருப்பது போதாதென்று தாடியிலும் நெற்றியிலும் புகைக்குழாயாக முளைத்திருக்கிறது. 1929இல் தானே வரைந்து பேர் வாங்கிய அந்தப் புகைக்குழாயை இவர் இப்படித்தான் கொண்டாடுகிறார். இன்னொரு படத்தில் மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் துப்பாக்கிக் குழல், தொப்பியில் ஒரு கண். நிறங்களோ சுவர் விளம்பரம் எழுதியவன் மிச்சம் வைத்துப் போன டப்பாக்களிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.

இந்தப் படங்களுக்கு ஒட்டிக்கொண்ட பெயர் ‘வாஷ்’. பிரெஞ்சில் பசு மாடு. ஓவியர் மத்தீஸ் கூட்டத்தாருக்குக் ‘காட்டு மிருகங்கள்’ என்று ஒரு பெயர் உண்டல்லவா, அதற்குப் பதிலாக இந்தத் தொழுவத்து மாடு. பேச்சு வழக்கில் அந்தச் சொல்லுக்குக் குரூரம் என்கிற அர்த்தமும் உண்டு. பாரிஸ் முகத்தைச் சுளித்தது, ஒரு படமும் விற்கவில்லை. மாக்ரிட்டுக்கு இன்னும் இதே வழியில் போய்ப் பார்க்கத்தான் ஆசை. மெல்ல மெல்லத் தற்கொலை செய்துகொள்வது தன் சுபாவம் என்று நண்பர் ஸ்கூட்னேருக்குக் கடிதமே எழுதினார். ஆனால் மனைவி ஜார்ஜெத்துக்குப் பழையபடி ஒழுங்காக வரைந்த படங்கள்தான் பிடிக்கும் என்றும் அதே கடிதத்தில் இருக்கிறது. தொப்பிக்கும் ஆப்பிளுக்கும் திரும்பிவிட்டார். பாரிஸ் விமர்சகர்களால் ஆகாத காரியம் வீட்டில் ஆயிற்று. பிற்பாடு காலம் மாறி, 2008இல் ஃப்ராங்க்ஃபர்ட்டின் ஷிர்ன் கலைக்கூடம் அந்த ஒரு வருஷத்துப் படங்களுக்கென்றே கண்காட்சி நடத்தியது.

லாண்டர்ஸ் அந்த ஸ்காட்லாந்துக் கட்டத்தை எடுத்தது இந்த வாஷ் படங்களிலிருந்து. 2014இல் நியூயார்க்கின் பெட்ஸெல் காலரியில் ‘வட அமெரிக்கப் பாலூட்டிகள்’ என்று ஒரு கண்காட்சி வைத்தார். அதில்தான் நீங்கள் சொல்கிற திமிங்கலம், பெயர் மோபி டிக், அடைப்புக்குறிக்குள் அந்தக் கட்டத்தின் ரகப் பெயரும் உண்டு. மெல்வில் எழுதிய நாவலில் வெள்ளை வெளேரென்று வந்து மனிதர்களைக் கிலி பிடிக்க வைத்த அந்த ஜீவன் இங்கே நம்மூர் கட்டம் போட்ட லுங்கியைச் சுற்றிக்கொண்டதுபோல வந்து நிற்கிறது. பார்த்தவுடன் சிரிப்பு வருகிறது, வரட்டும். சிரித்து முடித்தபிறகு அந்தக் கோடுகளைக் கொஞ்சம் பாருங்கள். துணியை மேலே ஒட்டினதுபோல இல்லை. உடம்பு எங்கே புடைக்கிறதோ அங்கே கட்டம் விரிகிறது, எங்கே வளைகிறதோ அங்கே கோடும் வளைகிறது. மாக்ரிட் தூரிகையை வீசியடித்து வரைந்ததை இவர் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்து வரைகிறார். காப்பி அடிக்கிறவன் இப்படித் தலைகீழாகவா செய்வான்?

இதில் எனக்கும் ஒரு மனத்தாங்கல் உண்டு. இவர் படம் ரொம்ப அழகாக இருக்கிறது. 1948இல் மாக்ரிட் பார்க்கிறவன் வயிற்றைக் குமட்ட வைத்தார், லாண்டர்ஸ் படத்தை வரவேற்பறையில் மாட்டலாம். வாங்குகிறவரும் மகிழ்ச்சி, காலரியும் மகிழ்ச்சி, அவமானப்பட யாரும் மிச்சமில்லை. திட்டுவதென்றால் இதற்காகத் திட்டுங்கள், திருட்டு என்று வேண்டாம்.

ஏனென்றால் சிரிப்புக் காட்டும் இந்த ஓவியக் குடும்பத்தில் யாரும் எதையும் சொந்தமாக வைத்துக்கொண்டதில்லை. 1882இல் பாரிஸில் ஜூல் லெவி என்பவர் படம் வரையவே தெரியாதவர்கள் வரைந்த படங்கள் என்று அறிவித்துக் கண்காட்சி நடத்தினார் (உங்கள் பேத்தியை அங்கே இரு கை நீட்டி வரவேற்றிருப்பார்கள்). அந்த வருஷமே ஒருவர் முழுக்கக் கறுப்பாக ஒரு படத்தை வைத்தார், அதன் தலைப்பு இனக் கேலி, இன்றைக்கு அச்சேறாது. மறுவருஷம் அல்போன்ஸ் அலே வெறும் வெள்ளை அட்டையை மாட்டி, பனிப்பொழிவில் ரத்தசோகைச் சிறுமிகளின் முதல் நற்கருணை என்று பெயர் வைத்தார். அதற்கடுத்த வருஷம் செக்கச்சிவப்பாக ஒன்று: செங்கடல் கரையில் தக்காளி பறிக்கிற கார்டினல்கள் (சிவப்பு அங்கி போடுகிற கத்தோலிக்கத் தலைமைக் குருமார்). முதல் ஆளின் சிரிப்பை இரண்டாம் ஆள் வாங்கி நிறத்தை மட்டும் மாற்றினார், யாரும் வழக்குப் போடவில்லை. இதே கூட்டத்தைச் சேர்ந்த சாப்பெக் 1887இல் மோனாலிசா வாயில் புகைக்குழாயைச் செருகினார். 32 வருஷம் கழித்து மர்சேல் டுஷாம் என்ற ஓவியர் அதே அம்மாளுக்கு மீசையும் குறுந்தாடியும் வைத்தார். அதை 1920இல் தன் பத்திரிகையில் போட விரும்பிய அவர் நண்பர், ஓவியர் பிக்காபியா, அசல் கைக்கு வந்து சேராததால் தானே மீசையை வரைந்து அச்சுக்கு அனுப்பிவிட்டார், அவசரத்தில் தாடியை மறந்துபோனார். அந்தத் தாடியில்லாத மோனாலிசா யாருடையது? டா வின்சி, டுஷாம், பிக்காபியா என்று மூன்று பேர் வரிசையில் நிற்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. 1965இல் நியூயார்க்கில் தன் கண்காட்சியை ஒட்டி நடந்த விருந்துக்கு டுஷாம் அழைப்பிதழ் தயாரித்தார். மோனாலிசா படம் போட்ட சீட்டாட்டச் சீட்டு ஒன்றை அதில் ஒட்டினார். மீசை இல்லை, தாடி இல்லை, கடையில் வாங்கியது வாங்கியபடி. பக்கத்தில் அந்த மீசைப் படத்துக்குத் தான் வைத்த பழைய தலைப்பையே எழுதி, கூடவே ஒரு சொல்லைச் சேர்த்தார்: ‘சவரம் செய்தது’.

இதில் யார் யாரிடமிருந்து திருடினார்கள் என்று கண்டுபிடித்து எழுதுங்கள். பேத்தி வரைந்ததையும் மறக்காமல் இணையுங்கள்.