காய்ச்சல் விட்டது, பி.பி. ஏறியிருக்கிறதே?

கேள்வி: எனக்கு இது 27-வது வாரம், முதல் பிரசவம். பத்து நாள் முன்பு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. எப்போதும் 110/70 இருக்கும் ரத்த அழுத்தம் நேற்று 138/88 காட்டியது. லேசாகத் தலைவலிக்கிறது. காய்ச்சலின் மிச்சம்தானா?

பதில்: இருக்கலாம். ஆனால் அப்படி முடிவுகட்டும் இடத்தில் இப்போது நீங்கள் இல்லை. கர்ப்பத்தில் உயர் அழுத்தம் என்று சொல்லும் 140/90-ஐத் தொடவில்லைதான், உங்கள் வழக்கமான அளவிலிருந்து இவ்வளவு ஏறியதே எனக்குப் போதும். இன்றே மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரில் புரதம் பாருங்கள்.

20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் ஏறி, சிறுநீரில் புரதம் இறங்கினாலோ கல்லீரல், சிறுநீரகம் பாதிக்கப்பட்டாலோ அது பிரீஎக்ளாம்ப்சியா. கர்ப்பத்தில் கோவிட் வந்தவர்களிடம் இது கூடுதலாகக் காணப்பட்டது. ரத்தக்குழாய்களின் உட்சுவரையும் நஞ்சுக்கொடியையும் தொற்று பாதிப்பது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. காய்ச்சல் கண்ட எல்லோருக்கும் இது வராது. உங்கள் தவறும் இதில் எதுவும் இல்லை.

சளிக்கு என்ன மாத்திரை எடுத்தீர்கள்? அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின் என்று இருந்தால் அதுவே அழுத்தத்தை ஏற்றும், நிறுத்திவிடுங்கள். காய்ச்சலுக்கும் வலிக்கும் பாராசிட்டமால் போதும், இபுபுரூஃபன் வேண்டாம்.

காய்ச்சல் வந்த தேதியையும் மறக்காமல் சொல்லுங்கள். டெங்கு போன்ற காய்ச்சலிலும் ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறையும், கல்லீரல் என்சைம்களின் அளவு ஏறும். கடுமையான பிரீஎக்ளாம்ப்சியாவிலும் அப்படியே. தேதி தெரியாமல் ரத்த அறிக்கையை மட்டும் பார்த்தால் இரண்டும் குழம்பிப்போகும்.

வீட்டில் பி.பி. கருவி இருந்தால் காலையும் மாலையும் பாருங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, பாதங்களைத் தரையில் ஊன்றி, ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். பட்டையைத் துணியின் மேல் சுற்றாதீர்கள். கை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பட்டை சிறியதாக இருந்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

140/90 வந்தால் அன்றே மருத்துவமனை. 160/110 என்றால் உடனே. பாராசிட்டமாலுக்கும் அடங்காத தலைவலி, கண் முன் மின்மினிப் பூச்சி பறப்பதுபோல் தெரிவது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென முகம் வீங்குவது, குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் ஒன்று வந்தாலும் பி.பி. எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருக்காமல் கிளம்புங்கள்.

அழுத்தத்தைக் குறைக்க, கர்ப்பத்தில் தரத்தக்க மாத்திரைகள் இருக்கின்றன. லபெட்டலால், நிஃபெடிபின் இரண்டும் நெடுநாளாகப் பயன்படுபவை. அப்புறம், பிரசவம் ஆனதும் கருவியை மூட்டை கட்டிவிடாதீர்கள். முதல் வாரத்திலும் அழுத்தம் ஏறக்கூடும். ஆறு வாரம் வரை மருத்துவர் சொல்லும் நாட்களில் பார்த்துக் குறித்து வையுங்கள்.