கீழ்ப் பல்செட் நிற்கவே இல்லை: இரண்டு இம்ப்ளாண்ட் போட்டால் சரியாகுமா?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, பல் ஒன்றுகூட இல்லை. மேல் செட் நன்றாக நிற்கிறது, கீழ் செட் பேசும்போதே எழும்பி வருகிறது. ஒரு டாக்டர் இரண்டு இம்ப்ளாண்ட் போட்டுக் கழற்றி மாட்டும் செட் செய்யலாம் என்கிறார், இன்னொருவர் ஆறு வேண்டும் என்கிறார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் வேறு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். இம்ப்ளாண்ட் என்பது தாடை எலும்புக்குள் பதிக்கும் சிறு ஸ்க்ரூ. ஆறு என்றவர் கழற்ற முடியாமல் ஸ்க்ரூ போட்டு முடுக்கும் நிலையான பல்வரிசையைச் சொல்லியிருப்பார். கழற்றி மாட்டும் கீழ் செட்டுக்கு இரண்டு போதும். இது சிக்கனத்துக்குச் சொல்லும் சமாதானம் அல்ல. 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய நிபுணர்கள், பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு முதலில் பரிந்துரைக்க வேண்டியது இரண்டு இம்ப்ளாண்ட் செட்தான் என்று அறிவித்தார்கள். 2009இல் இங்கிலாந்தின் யார்க்கில் வந்த அறிக்கையும் அதையே வழிமொழிந்தது.

மேல் செட் அண்ணம் முழுவதையும் மூடுவதால் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கீழே அந்த வசதி இல்லை. கிடைக்கும் பரப்பு ஏறக்குறைய பாதிதான், நடுவில் நாக்கு வேறு தள்ளிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் எலும்பு கரைந்து மேடு தட்டையாகிவிட்டால் எந்தப் பசையும் உதவாது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். இரண்டு இம்ப்ளாண்ட் செட்டில், செட் எழும்பாமல் பிடிப்பதுதான் இம்ப்ளாண்டின் வேலை. மெல்லும்போது வரும் பாரத்தைப் பெரும்பாலும் ஈறுதான் தாங்குகிறது, முக்கியமாகப் பின்பக்கத்தில். அதனால் மோசமாகச் செய்த செட்டை இம்ப்ளாண்ட் நல்ல செட்டாக்கிவிடாது. பல் தேய்ந்துபோன, கடி சரியில்லாத பழைய செட் என்றால் முதலில் புதுச் செட், அதன் பிறகு இம்ப்ளாண்ட். இருக்கும் செட் நல்ல நிலையில் இருந்தால் அதையே பயன்படுத்தலாம்.

இம்ப்ளாண்டைப் பொதுவாகக் கோரைப்பல் இருந்த இடத்திலோ, அதற்குச் சற்று முன்னாலோ வைப்பார்கள். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்பு கடைவாய்ப் பக்கத்திலிருந்து வந்து, முன்கடைவாய்ப் பல்லுக்குக் கீழே வெளியே வரும். அதற்கு முன்னால் உள்ள எலும்பு கெட்டியானது, ஆபத்தும் குறைவு. இதையெல்லாம் தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சிபிசிடி ஸ்கேனில் அளந்துவிட்டுத்தான் தொட வேண்டும். ஸ்கேன் இல்லாமல் சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் வைத்து ஆரம்பிக்கிறேன் என்றால், ஏன் என்று தாராளமாகக் கேளுங்கள். சர்க்கரை இருந்தால் ஹெச்பிஏ1சி (மூன்று மாத சராசரி சர்க்கரை) பார்க்காமல் இறங்கக் கூடாது. எலும்புத் தேய்மானத்துக்கு அலென்ட்ரோனேட் மாத்திரையோ ஜோலெட்ரோனிக் ஆசிட் ஊசியோ எடுத்திருந்தால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். தாடை எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் அபாயம் அந்த மருந்துகளில் உண்டு.

பலர் கவனிக்காமல் விடுவது உயரத்தை. இம்ப்ளாண்டுக்கு மேல் இணைப்பு, இணைப்புக்கு மேல் செட்டுக்குள் பதித்த உலோகக் கிண்ணம், அதற்கு மேல் அக்ரிலிக் (செட்டின் பிளாஸ்டிக்), அதற்கும் மேல் பல். பிரஸ் பட்டன் மாதிரி மாட்டும் லொகேட்டர் இணைப்புக்கு, இம்ப்ளாண்டின் தலையிலிருந்து முன்பல்லின் நுனி வரை சுமார் 8.5 முதல் 9 மி.மீ. வேண்டும். இரண்டு இம்ப்ளாண்டையும் கம்பியால் இணைக்கும் பார் வகைக்கு 12 மி.மீ.க்கு மேல் வேண்டும். இடம் பற்றவில்லை என்றால் அக்ரிலிக் மெலிந்து, சரியாக அந்தக் கிண்ணத்துக்கு மேலேயே செட் விரிசல் விடும். வேடிக்கை என்னவென்றால், பல் போய் வெகுகாலமாகி எலும்பு கரைந்தவர்களுக்கு இந்த இடம் தாராளமாக இருக்கும். சமீபத்தில்தான் பல் எடுத்தவர்களுக்கு எலும்பு உயரமாக இருப்பதால் அதைக் கொஞ்சம் ராவ வேண்டி வரலாம். ஆகவே பழைய செட்டையோ அதன் நகலையோ வைத்து அளந்த பிறகே இணைப்பின் வகையை முடிவு செய்ய வேண்டும்.

அறுவை முடிந்து எலும்பு இம்ப்ளாண்டைப் பிடிக்க கீழ்த்தாடையில் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை பழைய செட்டில் அந்த இடத்தைக் குடைந்து, மிருதுவான லைனர் பூசிக் கொடுப்பார்கள். குடையாமல் மாட்டினால் ஒவ்வொரு கடியும் இம்ப்ளாண்டின் தலையில்தான் இறங்கும். எலும்பு பிடிக்காமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம், புகைபிடிப்பது இன்னொன்று.

அடுத்து லொகேட்டரை முடுக்கும் கட்டம். ஈறின் தடிமனை அளந்து, பிடிக்கும் பகுதி ஈறுக்கு மேலே 1.5 மி.மீ. தெரியும்படி உயரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குட்டையாகப் போட்டால் ஈறு மூடிக்கொள்ளும், செட் முழுதாக இறங்காது. கையால் முடுக்கி விடக் கூடாது, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச்சால் (முடுக்கும் விசையை அளக்கும் கருவி) முடுக்க வேண்டும். இல்லையென்றால் சில மாதங்களில் தளர்ந்து ஆடும்.

உலோகக் கிண்ணத்தைச் செட்டுக்குள் பதிப்பதை, குடைந்த குழியில் இறுகாத அக்ரிலிக் விட்டுச் செட்டை வாயில் மாட்டி, கிளினிக் நாற்காலியிலேயே செய்யலாம். தப்பு அதிகம் நடக்கும் இடம் இதுதான். லொகேட்டரின் கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் போட்டு அடிப்பகுதியை அடைக்க வேண்டும். அதை மறந்தால் அக்ரிலிக் அடியில் புகுந்து இறுகி, செட் வாயிலேயே பூட்டிக்கொள்ளும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். செட்டில் குடைந்த குழி கிண்ணத்தை எங்கும் தொடக் கூடாது. தொட்டால் செட் அதன் மேல் ஏறி நின்று ஆடும். நாக்குப் பக்கம் சிறு துளை இருந்தால் மிஞ்சும் அக்ரிலிக் வெளியேறும். இறுகும் வரை வாயை மெதுவாக மூடியிருந்தால் போதும். அழுத்திக் கடித்தால் ஈறு நசுங்கிய நிலையிலேயே கிண்ணம் பதிந்துவிடும், பிறகு செட் எப்போதும் சற்றே தூக்கிக்கொண்டிருக்கும்.

இறுகிய பின், பதிக்கும்போது கிண்ணத்துக்குள் தற்காலிகமாக இருந்த கறுப்பு நைலானை எடுத்துவிட்டு, பிடிப்புக்கான நைலானைப் போடுவார்கள். நீலம் சுமார் 680 கிராம், இளஞ்சிவப்பு 1,360, நிறமில்லாதது 2,270 கிராம் பிடிப்பு. இறுக்கமாக இருந்தால் நல்லது என்று எடுத்தவுடன் நிறமில்லாததைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் சேர்ந்தால் நாலரை கிலோ. விரல் மூட்டு வலிக்கும் ஒரு வயதான அம்மாவால் அதைக் கழற்ற முடியாது, கழற்றாவிட்டால் சுத்தம் செய்யவும் முடியாது. நீலத்தில் ஆரம்பித்துத் தேவைப்பட்டால் ஏற்றலாம். இம்ப்ளாண்டுகள் ஒன்றுக்கொன்று அதிகம் சாய்ந்திருந்தால் வழக்கமான நைலான் சீக்கிரம் கிழியும், அதற்கென்று பச்சை, ஆரஞ்சு, சிவப்பு நிறங்களில் தனி வகை உண்டு.

நைலான் தேய்கிற பொருள், ஆண்டுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டி வரலாம். சில நிமிட வேலைதான். ஆனால் ஒரே பக்கம் திரும்பத் திரும்பத் தேய்ந்தால் குறை நைலானில் இல்லை. பின்பக்க எலும்பு மேலும் கரைந்து செட் ஊஞ்சல் ஆடுகிறது என்று அர்த்தம், அடிப்பக்கம் ரீலைன் செய்ய வேண்டும், அதாவது புது அக்ரிலிக் பூசி ஈறோடு மறுபடி பொருத்த வேண்டும். அதைச் செய்யாமல் நைலானை மட்டும் மாற்றிக்கொண்டே போவது ஓட்டை வாளியில் தண்ணீர் இறைக்கிற கதை. மேல் செட்டையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். கீழே முன்பக்கம் பிடிப்பு வந்ததும் முன்பல்லால் கடிக்கும் பழக்கம் கூடி, மேல்தாடையின் முன் எலும்பு கரையலாம்.

மாட்டும்போது இரண்டு கட்டைவிரலாலும் சமமாக அழுத்த வேண்டும். கடித்து மாட்டக் கூடாது. லொகேட்டரின் நடுவில் உள்ள குழியில் ஒரு கடுகோ எள்ளோ சிக்கினாலே செட் கிளிக் என்று உட்காராது. பல பேர் செட் கெட்டுவிட்டது என்று ஓடி வருவது இதற்குத்தான். மெல்லிய பிரஷால் அந்தக் குழியையும் ஈறு ஓரத்தையும் தினமும் தேய்க்க வேண்டும். செட்டுக்குப் பேஸ்ட் வேண்டாம், அதிலுள்ள பொடி அக்ரிலிக்கைச் சுரண்டும். சோப்புத் தண்ணீர் போதும். பிளீச் நைலானைக் கெடுக்கும், வெந்நீர் செட்டை வளைக்கும். இரவில் கழற்றித் தண்ணீரில் போடட்டும். ஈறில் ரத்தமோ சீழோ வந்தால் வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், இம்ப்ளாண்டைச் சுற்றி எலும்பு போவது பெரும்பாலும் வலிக்காது.

இதே கணக்கை மேல்தாடைக்குப் போடாதீர்கள். அங்கே எலும்பு மென்மையானது, கழற்றும் செட்டுக்குக் குறைந்தது நான்கு வேண்டும். உங்கள் அம்மாவுக்கு மேல் செட் நன்றாக நிற்பதால் அந்தப் பேச்சே இப்போது வேண்டாம்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: இம்ப்ளாண்ட் கம்பெனியின் பெயர், அதன் விட்டம், நீளம், லொகேட்டரின் உயரம், மொத்தத் தொகையில் புதுச் செட் சேர்ந்ததா, நைலான் மாற்றவும் ரீலைன் செய்யவும் தனியாக எவ்வளவு. ஐந்து வருடம் கழித்து வேறு ஊரில் வேறு டாக்டரிடம் போனால், பொருந்துகிற பாகத்தை அந்தத் தாளைப் பார்த்துத்தான் அவர் வரவழைக்க முடியும்.