விரால் துரத்துகிறது, ஆனால் கவ்வவில்லை

கேள்வி: தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயில் ரப்பர் தவளை (தூண்டிலில் மாட்டும் போலி இரை) போட்டு விரால் பிடிக்கப் பார்க்கிறேன். வெளிநாட்டு பாஸ் மீன் வீடியோ பார்த்துப் பழகியவன். கரையில் நின்று அல்லிக்கொடிக்குள் வீசி இழுத்தால் விரால் பின்னாலேயே வந்துவிட்டுத் திரும்பிவிடுகிறது. விலை கூடிய தவளை வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். மீன் துரத்துகிறது என்றால் தவளையில் கோளாறு இல்லை. "இதுக்குத்தான் விரால் பாயும்" என்று புதுப்புது நிறத்தைத் தள்ளிவிடுகிற ஆட்களிடம் ஏற்கெனவே நிறையப் பேர் காசைக் கொட்டிவிட்டார்கள்.

பாஸ் வட அமெரிக்க மீன், நம் கண்மாயில் கிடையாது. ஆனால் விராலும் செடியோரம் பதுங்கிப் பாய்கிற மீன்தான், அதனால் வீசும் கோணம் இரண்டுக்கும் ஒன்றே. நீங்கள் அல்லி விளிம்புக்குக் குறுக்கே வீசுகிறீர்கள். 20 மீட்டர் வீசினாலும் தவளை மீனுக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்றிரண்டு மீட்டர்தான், மிச்சமெல்லாம் வெறும் தண்ணீர். துரத்தி வந்த விரால் மறைவு முடிந்ததும் நின்றுவிடும். அல்லி விளிம்பு கரையைத் தொடுகிற மூலைக்குப் போய், விளிம்போடு ஒட்டி வீசுங்கள். அப்போது இழுக்கிற தூரம் முழுக்க மீன் இருக்கிற இடம்தான்.

அடுத்தது திசை. விரால் மேலே வந்து காற்று குடிக்கும்போது வளையம் தெரியும். அதன் தலையில் போடாதீர்கள். இரண்டு மூன்று மீட்டர் தாண்டி, ஒரு முழம் தள்ளி விழவிட்டு, பக்கவாட்டில் கடந்து போகச் செய்யுங்கள். எந்தத் தவளையும் விராலின் வாயைத் தேடி நேராக நீந்தாது. மடை, வரத்துக்கால் பக்கம் தண்ணீர் ஓடினால் மீன் ஓட்டத்தை எதிர்த்து நிற்கும்; தண்ணீர் வரும் பக்கம் வீசி ஓட்டத்தோடு இறக்குங்கள். காலையில் கிழக்குக் கரையில் நிற்காதீர்கள், உங்கள் நிழலே மீனை விரட்டிவிடும்.

இந்தக் கோணமெல்லாம் தேவைப்படாத இடம் ஒன்று உண்டு, அங்கே வீசவே கூடாது. மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து போகும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். எந்தப் பக்கமிருந்து எது வந்தாலும் அடிக்கும். பசியால் இல்லை, பிள்ளைகளைக் காக்கத்தான். அதைப் பிடித்துப் படம் எடுத்துப் போடுவதை வீரம் என்கிறார்கள். பெரியவை போன மறுநொடியே கெளுத்தியும் கொக்கும் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறேன் என்பதும் வேண்டாம், அந்தக் கொஞ்ச நேரமே போதும். சிவப்புத் திரள் தெரிந்தால் தூண்டில் நரம்பைச் சுற்றிக்கொண்டு வேறு மூலைக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. மீன்பாசி குத்தகை (கண்மாயில் மீன் பிடிக்கும் உரிமை) யாரிடம் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 40 ஹெக்டேருக்கு மேல் உள்ள கண்மாய் நீர்வளத் துறையுடையது, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியத்துடையது. ஏலம் எடுத்தவர் பெயரைக் கரையில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் வேலை முடிந்தது. அதைக்கூடச் செய்யாமல், கேட்பவரை ஆபீஸ் ஆபீஸாக அலையவிடுகிறார்கள். அந்த இடைவெளியில்தான் "குத்தகைக்காரர் ஆள்" என்று சொல்லிக்கொண்டு யாரோ வந்து தூண்டிலுக்கு இவ்வளவு என்று வசூல் செய்கிறார்கள். குத்தகை உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் காசு கொடுக்காதீர்கள், அன்றைக்கு வீசவும் வேண்டாம்; உண்மையான குத்தகைக்காரரைத் தேடிப் பிடித்து நேரில் கேட்டுவிடுங்கள்.