வைப்பர் தண்ணீர் கண்ணாடிக்கு வராமல் பானெட்டுக்குள் ஒழுகுகிறது. குழாயை நாமே சரிசெய்ய முடியுமா?

காட்பாடியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நெம்புகோலை இழுத்தால் மோட்டார் சத்தம் கேட்கிறது, ஆனால் கண்ணாடிக்குத் தண்ணீர் வராமல் வண்டிக்கு அடியில் சொட்டுகிறது, பணிமனையில் தொட்டியோடு முழுவதையும் மாற்றச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். மோட்டார் ஓடும்போது முழுவதையும் மாற்றத் தேவை இருக்காது என்றே நான் கருதுகிறேன். பெரும்பாலும் ஒரு சாண் குழாயும் ஒரு சிறிய இணைப்புத் துண்டும் போதும். வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

எங்கே ஒழுகுகிறது என்பதை உறுதிசெய்யாமல் எதையும் வாங்க வேண்டாம். தொட்டியை நிரப்பி, பானெட்டைத் திறந்து வைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, உள்ளே ஒருவரை நெம்புகோலை இழுக்கச் சொல்லுங்கள். இழுக்காதபோதே சொட்டினால் தொட்டியில் விரிசல் இருக்கலாம், அல்லது மோட்டாரைத் தொட்டியில் செருகியிருக்கும் ரப்பர் வளையம் தளர்ந்திருக்கலாம். இழுக்கும்போது மட்டும் பீறிட்டால் குற்றம் குழாயில்தான். சொட்டும் நீர் பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் கூலன்ட்டாக இருக்கலாம். அதற்கு மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும், சூடாக இருக்கும்போது அதன் மூடியைத் திறக்கவே கூடாது.

குழாய் பொதுவாக மூன்று இடங்களில் கெடும்: பானெட் கீலருகே ஒவ்வொரு முறையும் மடிந்து நிமிரும் இடம், கண்ணாடியில் நீரைப் பீய்ச்சும் இரு நாசில்களுக்கும் பிரியும் மூன்று வழி இணைப்பு, நாசிலில் செருகும் முனை. எங்கள் வண்டியில் கீலருகேதான் வெடித்திருந்தது. அக்கினி நட்சத்திர வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிடுகின்றன. இறுகிய ரப்பர் மடியும் இடத்தில் வெடிக்கிறது. பல் பதிந்த தடம் தெரிந்தால் எலியின் வேலை.

விரிசலின் மேல் டேப் சுற்றுவதையும் உடனடிப் பசை தடவுவதையும் நான் ஏற்பதில்லை. ஈரத்தில் டேப் வழுக்கிவிடும்; காய்ந்து கண்ணாடிபோல் இறுகும் பசை, குழாய் மடிந்தவுடன் உடைந்துவிடும். கெட்ட பகுதியை இருபுறமும் நேராக வெட்டி எடுத்துவிட்டு, நடுவில் இணைப்புத் துண்டைச் செருகுவதே நிலைக்கும். மெலிதான குழாய்களின் உள்விட்டம் வழக்கமாக 4 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும் என்பதால், வெட்டிய துண்டைக் கையோடு எடுத்துச் சென்று அளவு பார்த்து வாங்குங்கள். உதிரிபாகக் கடையில் கிடைக்காவிட்டால் சொட்டுநீர்ப் பாசனப் பொருள் விற்கும் கடையில் கேளுங்கள். சிறு குழாய்களை இணைக்க அங்கே விற்கும் 4 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் துண்டு இதற்கும் பொருந்தும். குழாய் முனையைச் சற்று நேரம் வெந்நீரில் வைத்தால் இளகி, துண்டின் வரிகளைத் தாண்டி எளிதாக ஏறும். இழுத்துக் கட்டியதுபோல் இல்லாமல் கீலருகே கொஞ்சம் தளர்வு விடுங்கள். குழாயின் இடையே வட்டமான சிறு வால்வு இருந்தால் அதன் அம்புக்குறி நாசிலை நோக்கியே இருக்க வேண்டும். திருப்பிப் போட்டால் தண்ணீர் ஏறாது.

இதோடு நிறுத்திவிட்டால் அதே குழாய் மறுபடியும் கழன்று விழக்கூடும், ஏனென்றால் நம் பகுதியில் ஒழுகலுக்குப் பின்னால் பல சமயம் அடைபட்ட நாசில்தான் இருக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி பாலாறு மணலாகவே கிடப்பதால் நாம் பாறையைத் துளைத்து எடுக்கும் போர் தண்ணீரையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறோம், வாஷர் தொட்டி உட்பட. அந்தத் தண்ணீரில் உள்ள உப்பு நாசிலின் ஊசித் துளையில் வெயிலில் காய்ந்து சுண்ணாம்பாகப் படிகிறது. வழி அடைபட்டதும் மோட்டார் தள்ளும் நீர் முழுவதும் பலவீனமான இணைப்பின் மீது மோதி, குழாயைக் கழற்றிவிடுகிறது அல்லது கிழித்துவிடுகிறது. நாசிலிலிருந்து குழாயைக் கழற்றிவிட்டு நெம்புகோலை இழுத்துப் பாருங்கள்; முனையில் தாராளமாக நீர் வந்தால் அடைப்பு நாசிலில்தான். அதைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறப்போட்டு, வெளிப்புறத் துளையிலிருந்து உள்நோக்கி ஊதினால் படிவு வந்துவிடும். தடித்த ஊசியால் குடைந்தால் துளை பெரிதாகி, நீர் கண்ணாடியை எட்டாமல் பானெட்டிலேயே வழியும்.

தொட்டிக்கு இனி ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுங்கள். வீட்டு ஏ.சி.யிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. துணியில் வடிகட்டினால் அதுவும் நன்றாகவே உதவும். பாத்திரம் கழுவும் சோப்பைக் கலக்காதீர்கள், நுரை காய்ந்து கண்ணாடியில் படலமாகும். பள்ளிகொண்டா பக்கம் நெடுஞ்சாலையில் முன்னே போகும் லாரி சேற்றை வாரி அடிக்கும்போது, தண்ணீரில்லாத வைப்பர் அதை இழுத்துப் பார்வையை முழுக்க மறைத்துவிடும். ஆகவே இந்த வேலையை அடுத்த மழைவரை தள்ளிப்போடாதீர்கள். சோதித்துப் பார்த்ததில் ரப்பர் வளையம்தான் ஒழுகுகிறது என்று தெரிந்தால், வளையத்தை மட்டும் மாற்றித் தரும்படி அந்தப் பணிமனையில் கேளுங்கள். அதற்குத் தொட்டியை மாற்ற வேண்டியதில்லை.