பெருந்தொற்றுக் காலத்தில் தீம் பார்க் பயணத்தை எப்படித் திட்டமிடுவது?

இரண்டு சிறு குழந்தைகளும் வயதான தாயாரும் உள்ள குடும்பம், கொரோனா தொற்று அடங்காத காலத்தில் தீம் பார்க்குக்குப் போவதாக இருந்தால் எதிலிருந்து திட்டமிடத் தொடங்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். ரத்து செய்வதிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் பதில். 2020-இல் கிளம்பவே முடியாமல் பணத்தை இழந்து, 2021-இல் மறுபடி முயன்று போய்த் திரும்பியவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

பூங்கா இன்று திறந்திருக்கிறது என்பதை வைத்து, நீங்கள் போகும் நாளிலும் திறந்திருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஹாங்காங் டிஸ்னிலேண்ட் 2020 ஜனவரி 26 அன்று மூடப்பட்டு, ஜூன் 18 அன்று திறந்து, நான்கு வாரம்கூட முடியாத நிலையில் ஜூலை 15 அன்று மீண்டும் மூடப்பட்டது. செப்டம்பர் 25 அன்று திறந்ததை டிசம்பர் 2 அன்று மூன்றாம் முறையாக மூடினார்கள். கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னிலேண்ட் 2020 மார்ச் 14 முதல் 2021 ஏப்ரல் 30 வரை திறக்கப்படவே இல்லை. திறந்த பிறகும் ஜூன் 15 வரை அந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. தொலைவிலிருந்து விமானச் சீட்டு எடுத்து வைத்திருந்தவருக்கு ‘பூங்கா திறக்கிறது’ என்ற தலைப்புச் செய்தியால் ஒரு பயனும் இல்லை.

இத்தகைய பயணத்தில் நுழைவுச்சீட்டு, தேதி முன்பதிவு, தங்குமிடம், போக்குவரத்து என நான்கு தனித்தனி ஒப்பந்தங்கள் இருக்கின்றன. ஒன்று ரத்தானால் மற்றவை தாமாக ரத்தாவதில்லை. எங்கள் முதல் முயற்சியில் பூங்கா மூடியதும் நுழைவுச்சீட்டின் செல்லுபடிக் காலத்தை நீட்டித்துக் கொடுத்தார்கள், விமானக் கட்டணம் அடுத்த பயணத்துக்கான வரவாக வைக்கப்பட்டது, ஆனால் விடுதி மட்டும் ஒரு காசும் திருப்பித் தரவில்லை. ‘பூங்காதானே மூடியிருக்கிறது, எங்கள் விடுதி திறந்துதான் இருக்கிறது, நீங்கள் தாராளமாக வந்து தங்கலாம்’ என்று மிகவும் பணிவாகப் பதில் எழுதியிருந்தார்கள். சிறு தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு, பணம் திரும்பக் கிடைக்காத அறையைத் தேர்ந்தெடுத்தது நான்தான் என்பதால் வாதிட வழியில்லை. பயணக் காப்பீடு எடுத்திருந்தால் தப்பித்திருக்கலாமே என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே அறியப்பட்ட தொற்றால் வரும் இழப்பைப் பல காப்பீடுகள் விலக்கி வைத்திருக்கும், ‘போகப் பயமாக இருக்கிறது’ என்ற காரணத்தைச் சாதாரணக் காப்பீடு எதுவும் ஏற்பதில்லை.

இரண்டாம் முறை ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு முன்பதிவையும் முழுப் பணத்துடன் கைவிடுவதற்கான கடைசித் தேதியை எழுதி, அவற்றுள் முதலில் வருவதை எங்கள் முடிவு நாளாகக் குறித்துக்கொண்டோம். அதன் கீழே மூன்று நிபந்தனைகளை எழுதினோம்: எவருக்கேனும் காய்ச்சல் இருந்தால் போவதில்லை; திரும்பி வந்ததும் கட்டாயத் தனிமைப்படுத்தல் என்ற விதி வந்தால் போவதில்லை; பெரியவர்களுக்கு இரண்டாம் தவணைத் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகியிருக்காவிட்டால் போவதில்லை. பெட்டி கட்டிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் குழந்தைகளின் முகத்தைப் பார்த்து எல்லோரும் தைரியசாலிகளாகிவிடுவோம். ஆகவே ஆசை முற்றுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும்.

நுழைவுச்சீட்டு கையில் இருந்தாலே உள்ளே போகலாம் என்றும் எண்ண வேண்டாம். பல பூங்காக்கள் அடங்கிய புளோரிடாவின் வால்ட் டிஸ்னி வேர்ல்டு 2020 ஜூலையில் திறந்தபோது, எந்த நாளில் எந்தப் பூங்கா என்று தனியாக முன்பதிவு செய்தவர்களை மட்டுமே அனுமதித்தது. நாட்காட்டியில் இடம் இருக்கிறதா என்று பார்த்துத் தேதியை உறுதி செய்த பிறகே விமானச் சீட்டைத் தொடுங்கள்.

கூட்டம் குறைவாக இருக்கும் என்பது உண்மைதான். அதே வால்ட் டிஸ்னி வேர்ல்டில் முதலில் 25 விழுக்காடாக இருந்த கொள்ளளவை 2020 நவம்பர் வாக்கில் 35 விழுக்காடாக உயர்த்தியிருந்தார்கள். ஆனால் வாணவேடிக்கை, ஊர்வலம், கதாபாத்திரங்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வது ஆகியவை அப்போது நிறுத்தப்பட்டிருந்தன. எவை இல்லை என்பதைக் குழந்தைகளிடம் வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். நாங்கள் போன பூங்காவில் என் மகளுக்குப் பிடித்த பாத்திரம் தொலைவில் ஒரு மாடத்தில் நின்று கையசைத்தது. முன்பே சொல்லி வைத்திருந்ததால் அவளும் கையசைத்துவிட்டு அடுத்த ரைடுக்கு நகர்ந்தாள், பக்கத்தில் நின்ற வேறொரு குழந்தையோ தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தது. வரிசையின் நீளத்தைக் கண்டும் மிரள வேண்டாம். ஆறடி இடைவெளிக்குத் தரையில் வட்டம் ஒட்டியிருப்பார்கள். அதனால் சிறிய கூட்டமும் கட்டடத்துக்கு வெளியே வளைந்து நிற்கும், ஆனால் நகர்ந்துகொண்டே இருக்கும். என் மகன் வட்டத்துக்கு வட்டம் தவளைபோலத் தாவி, அந்த வரிசையையே ஒரு ரைடாக மாற்றிக்கொண்டான்.

உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் ரோலர் கோஸ்டர் அன்று. திறந்த வெளியில் இரண்டு நிமிடம் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வண்டியைவிட, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு முக்கால் மணி நேரம் உட்காரும் மூடிய உணவுக்கூடமே ஆபத்தானது, ஏனெனில் இந்தக் கிருமி காற்றில் மிதந்து பரவுகிறது. பேருந்து, மின்தூக்கி, கூரைக்குள் வளையும் வரிசை ஆகியவற்றையும் இதே கணக்கில் வையுங்கள். நாங்கள் பதினொரு மணிக்கே மதிய உணவை முடித்தோம், அதுவும் வெளியே போட்டிருந்த மேசையில். நடந்துகொண்டே சாப்பிடக் கூடாது, ஓரிடத்தில் நின்றபின்தான் முகக்கவசத்தை விலக்க வேண்டும் என்று பல பூங்காக்கள் விதித்திருந்ததால், கொறித்தபடியே சுற்றலாம் என்ற கணக்கும் செல்லாது.

முகக்கவசத்தை ஆளுக்கு ஒன்று என்று எடுத்துப் போகாதீர்கள். தண்ணீர் ரைடில் ஒருமுறை நனைந்தால் அது மூக்கோடு ஒட்டிக்கொண்டு மூச்சைத் தடுக்கும். வெயிலில் வியர்த்தாலும் அதே நிலைதான். ஒரு நாளுக்கு ஆளுக்கு நான்கு வீதம் உலர்ந்தவற்றை ஒரு ஜிப் உறையிலும், ஈரமானவற்றைப் போட வேறோர் உறையையும் வைத்திருந்தோம். கண்ணாடி அணிபவர்கள், மேல் விளிம்பில் கம்பி உள்ளதை வாங்கினால் ஆவி படிவது குறையும். கத்துவதிலும் எச்சில் துளி தெறிக்கும் என்பதால் ஜப்பானின் பூங்காக்கள் 2020-இல் அலறாமல் சவாரி செய்யும்படி கேட்டுக்கொண்டன. அவற்றுள் ஒன்றான ஃபூஜி-க்யூ ஹைலேண்ட் வெளியிட்ட காணொளியில் இரண்டு நிர்வாகிகள் முகக்கவசத்துடன் உதட்டைக்கூட அசைக்காமல் ரோலர் கோஸ்டரில் போய்வருவார்கள், முடிவில் ‘மனத்துக்குள் அலறுங்கள்’ என்று எழுத்து வரும். நான் முயன்று பார்த்தேன், முதல் இறக்கத்திலேயே தோற்றுவிட்டேன்.

உள்ளே போன பிறகும் நிலைமை மாறலாம். 2021 அக்டோபர் 31 அன்று ஷாங்காய் டிஸ்னிலேண்டின் வாயில்கள் திடீரென மூடப்பட்டன. முந்தைய நாள் வந்து போன ஒருவருக்குத் தொற்று உறுதியானதால், உள்ளே இருந்த 33,000-க்கும் மேற்பட்டவர்கள் பரிசோதனை செய்துகொண்ட பிறகே வெளியேற முடிந்தது. எனவே இரண்டு நாளுக்கான கூடுதல் மருந்து, கைபேசிக்கு மின்சேமிப்பி (பவர் பேங்க்), திரும்பும் பயணத்தைத் தள்ளிப்போட ஒரு வழி ஆகியவை கட்டாயம் உங்களிடம் இருக்க வேண்டும்.

தாயாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நாங்கள் என் அம்மாவை அழைத்துப் போகவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை, ஆனால் முகம் வாடியதை நான் பார்த்தேன். அவரைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியப் பெரும்பாலும் ஐந்தாறு நாளும், சிலருக்குப் பதினான்கு நாள் வரையும் ஆகலாம் என்று அப்போது சொல்லப்பட்டதால், திரும்பி வந்தபின் இரண்டு வாரம் அவரைக் கைபேசித் திரையில் மட்டுமே பார்த்தோம். அந்த இரண்டு வாரத்தையும் பயணத்தின் பகுதியாகவே கணக்கிட்டு, அத்தனை நாளும் அவரைக் கவனித்துக்கொள்ள யார் இருக்கிறார்கள் என்பதை முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். குழந்தைகளின் பள்ளிக்கும் உங்கள் அலுவலகத்துக்கும் சொல்லும் விடுப்பில், எவருக்கேனும் காய்ச்சல் வந்தால் வீட்டில் இருக்க வேண்டிய நாட்களையும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.