ஒன்பதாம் மாதத் தடுப்பூசி வேண்டாம் என்கிறார் மாமியார். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

உங்கள் மாமியாரும் வாட்ஸ்அப்பில் எதையோ கேட்டுத்தான் பயந்திருப்பார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பயந்தது என் கணவர்.

ஒன்பதாம் மாதம் போடுவது தட்டம்மை-ரூபெல்லா ஊசிதான். 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் அதே ஊசியைப் போட்டார்களே, அப்போது என் பையன் பெரம்பூரில் மூன்றாம் வகுப்பு. இதைப் போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, தமிழ்நாட்டுப் பிள்ளைகளை வைத்துச் சோதனை செய்கிறார்கள் என்று ஒரு பேச்சு சுற்றியது. கர்நாடகா, கோவா, புதுச்சேரியிலும் அப்போதுதான் போட்டார்கள். தனியார் மருத்துவமனைகளில் பல வருடமாகக் காசு கொடுத்துப் போடும் எம்.எம்.ஆர். ஊசியிலும் இந்த இரண்டு மருந்தும் உண்டு. இதையெல்லாம் சொல்லியும் என் கணவர் கேட்கவில்லை. பள்ளியில் கொடுத்த சம்மதப் படிவம் நான்கு நாள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. காரணம் என் அக்கா. 2002இல், மூன்று மாதக் கர்ப்பத்தில், அவளுக்கு லேசான காய்ச்சல், மேலெல்லாம் சிவப்பாகப் பொரிந்தது. அம்மை என்று வாசலில் வேப்பிலை செருகினோம், மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம், மறந்துவிட்டோம். பிறந்த பெண், ஒன்றரை வயதிலும் பக்கத்தில் குக்கர் விசில் அடித்தால் திரும்பவில்லை. கர்ப்பத்தின் தொடக்கத்தில் இப்படி லேசான காய்ச்சலும் பொரிப்புமாக ரூபெல்லா வந்தால் குழந்தையின் காது, கண், இதயம் எல்லாம் பாதிக்கப்படலாம் என்று டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அதுவரை சொந்தக்காரர்கள், கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று அக்காவைத்தான் பேசினார்கள். இன்றைக்கும் அந்தப் பெண் பஸ்ஸில் மாற்றுத்திறனாளி இருக்கையில் உட்கார்ந்தால், "நல்லாத்தானே இருக்கே, எழுந்திரு" என்று அதட்டுகிறார்கள். அட்டையை எடுத்துக் காட்டுவதற்குள் அவளுக்குக் கண் கலங்கிவிடும். காது கேட்காதது முகத்தில் எழுதியா இருக்கும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அக்காவை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை, அந்தக் காய்ச்சலைப் பற்றி மட்டும் என் கணவரிடம் சொன்னாள். மறுநாள் காலை படிவத்தில் கையெழுத்து இருந்தது. சாயங்காலம் பையன் ஊசி போட்டதற்கு அடையாளமாக இடது கட்டைவிரல் நகத்தில் மையோடு வந்தான்.

நான் மருத்துவர் இல்லை. பயப்படுகிறவர்களை முட்டாள் என்றும் சொல்லவில்லை. என் கணவர் பிள்ளை மேல் உள்ள பாசத்தில்தான் தடுத்தார். உங்கள் மாமியாரையும் புதன்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூடவே கூட்டிப்போங்கள், நர்ஸிடம் அவரே கேட்கட்டும். ஊசி போட்டு ஒரு வாரம், பத்து நாள் கழித்து லேசாகக் காய்ச்சலும் பொரிப்பும் வரலாம். அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிடுங்கள். வந்த பிறகு சொன்னால் நம்பமாட்டார்.